எண்ணாமல் விட்டவன்

உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குமுதினிக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. அந்த மூன்று விநாடியில் வந்த வினைதான் இந்த வாரம்.

சென்ற வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்தபோது, டெக்சாஸில் பிளானோ வீட்டுச் சமையலறையில், ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷ அழுகைதான். அமெரிக்க ராணுவத்தின் மயக்கமருந்து நர்ஸ் படிப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று ஆள்சேர்ப்பு அதிகாரி கேப்டன் டெல்கடோ போனில் சொல்லியிருந்தார். ஜூன் மாதம் சான் அன்டோனியோவில் வகுப்பு. படிக்கும்போதே அதிகாரி பதவி, அதிகாரிக்குரிய சம்பளம். அவள் எழுதி அனுப்பிய கட்டுரையைத் தேர்வுக் குழுவில் ஒருவர் இரண்டு முறை படித்தாராம்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். அவள் யார், எங்கிருந்து வந்தவள், யார் யாருக்கு உறவு என்று சரிபார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். "வெறும் ஃபார்மாலிட்டி" என்றார் கேப்டன். ஃபார்மாலிட்டி என்று யாராவது சொன்னால், அன்றைக்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடுவது நல்லது. குமுதினி உடைக்கவில்லை.

புருஷன் நகுலேஸ்வரனும் ஒருவழியாக இறங்கி வந்திருந்தான். "ஆமி உடுப்பு இந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது" என்று இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன். அவன் பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு ராணுவச் சோதனைச் சாவடியில் முழங்காலில் நின்ற கதையை, இந்தத் தொடரின் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவன், போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, முகம் பார்க்காமல் சொன்னான்: "நான் பிள்ளையளைப் பாக்கிறன். நீர் போய்ப் படியும்."

அதோடு இன்னொன்றும் இருந்தது. இரண்டு வாரமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஊமைப் போன். எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். காலர் ஐடி பெட்டியில் நம்பரும் வராது. ஏதோ டெலிமார்க்கெட்டிங்காரன் என்று நகுலன் சொல்லிவிட்டான். குமுதினியும் நம்பிவிட்டாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம்.

இரவு முழுக்க ஐசியூவில் நின்ற கால்களோடு குமுதினி வீட்டுக்குள் நுழைந்தபோது காலை எட்டு மணி. டிவியில் புளோரிடாவின் வாக்குச்சீட்டுகளை ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்து ஒன்பது நாளாகியும் நாடு எண்ணி முடிக்கவில்லை. சோபாவில் போர்வைக்குள் எட்டு வயது ஆரபி சுருண்டு கிடந்தாள். நெற்றி கொதித்தது.

"நூற்றொண்டு. மருந்து குடுத்திட்டன்" என்றான் நகுலன். மூன்று வயது சாருஜனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "இவனை டேகேர்ல விட்டிட்டு நான் அப்பிடியே ஒஃபீசுக்குப் போறன். ஒன்பதரைக்கு மீட்டிங். அந்த விசாரணை மனுசி பத்துக்குத்தானே வாறா?"

"ஓம். நான் குளிச்சிட்டு வாறன். பேப்பரெல்லாம் எடுத்து வைக்கவேணும்."

குளித்துவிட்டு வந்து அவள் கோப்பைத் திறந்தாள். பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ், நர்ஸ் லைசன்ஸ், கல்யாணப் பத்திரம். கடைசியில் அந்தப் பாதுகாப்பு விசாரணைப் படிவத்தின் நகல். செப்டம்பரில் கையெழுத்துப் போட்ட பிறகு அதை அவள் திருப்பிப் பார்க்கவில்லை. நின்றபடியே புரட்டினாள். உறவினர் பக்கத்தில் கண் நின்றது.

பெற்றோர், சகோதர சகோதரிகள், உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், ஒருவரையும் விடாமல் எழுதவும் என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே, சகோதரம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். சாரதா, டொரண்டோ.

குமுதினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அது நடந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகுலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் இருந்து கேள்வி கேட்டு டைப் செய்தான். அவள் அடுப்பில் புட்டு அவித்துக்கொண்டே பதில் சொன்னாள். "உம்மட சகோதரங்கள்?" என்று கேட்டான். "ஒரு அக்கா. சாரதா" என்றாள். புட்டுக் குழலில் ஆவி வந்துவிட்டதா என்று பார்த்தபடி சொன்னாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

இதை வெளியார் நம்பமாட்டார்கள். கூடப் பிறந்தவனை எண்ண மறப்பார்களா என்பார்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பிள்ளை ஒன்று ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டால் அந்த வீடு என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் நம்புவார்கள்.

சேந்தன் போனது எண்பத்தெட்டில். பதினேழு வயது. ட்யூஷனுக்குப் போகிறேன் என்று சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அம்மா சுவரில் இருந்த அவன் படத்தைக் கழற்றினார். பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளை அடுப்பில் வைத்தார். அவன் உடுப்புகளை ஒரு சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்தார். துப்பாக்கியோடு வீட்டுக்கு வீடு வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர்களிடம், "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தது கனடாவில" என்றார். குமுதினியையும் பக்கத்தில் நிறுத்தி அதையே சொல்லப் பழக்கினார். கேட்டதும் சொல்ல வேண்டும், யோசிக்கக் கூடாது, யோசித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அம்மாவின் பாடம். உயிர் பிழைக்கக் கற்ற பாடத்தை நாக்கு மறக்குமா? பன்னிரண்டு வருடம் கழித்து, பத்தாயிரம் மைல் தள்ளி, புட்டு அவிக்கும்போது அது தன்பாட்டில் வந்து விழுந்துவிட்டது.

"இஞ்சருங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் நகுலன் சாருஜனைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

"என்னப்பா?"

"இதை ஒருக்கா வாசியுங்கோ. செத்தாக்களையும் எழுதவேணுமெண்டு போட்டிருக்கு. நாங்கள் அக்காவை மட்டும்தான் எழுதியிருக்கிறம்."

அவன் வாசித்தான். இரண்டாம் முறையும் வாசித்தான். பிள்ளையைக் கீழே இறக்கி, "போய் அக்காவோட டிவி பார்" என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினான்.

"சொல்லாதையும்" என்றான்.

"நான் கையெழுத்து வைச்சிருக்கிறன் நகுலன். பொய் எழுதினா ஜெயில் எண்டு கீழயே போட்டிருக்கு."

"ஆர் கண்டுபிடிக்கப் போகினம்? அவன்ர பேரில ஒரு துண்டுக் கடதாசி மிச்சம் இருக்கோ? உம்மட அம்மாவே எரிச்சுப்போட்டா. செத்தவன் வந்து சொல்லப் போறானோ?"

"அப்பிடிக் கதையாதேங்கோ."

"வேற எப்பிடிக் கதைக்கிறது?" அவன் குரலைத் தாழ்த்தினான். "மூண்டு வருசத்துக்கு முன்னம் இயக்கத்தைத் தடை லிஸ்ட்டில போட்டிட்டாங்கள். அந்த மனுசிக்கு முன்னால அந்தச் சொல்லைச் சொன்னீர் எண்டா உம்மட படிப்பு மட்டும் போகாது. என்ர வேலை, பிள்ளையள், இந்த வீடு, எல்லாத்தையும் கிண்டத் தொடங்குவாங்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதாதையும்."

"அவன் என்ர தம்பி."

"தொண்ணூற்றொண்டில முடிஞ்சுது. வருசா வருசம் விளக்கு வைக்கிறீர்தானே? அது காணும். பத்துக்கு வருவா, பதினொண்டுக்குப் போயிடுவா. ஒரு மணித்தியாலம், குமுதினி."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் சொல்லும் புத்திமதி எப்போதும் நியாயமாகத்தான் கேட்கும், அதுதான் தொல்லை. காரை எடுக்கும்போது அவன் வழக்கம்போல ஹார்ன் அடிக்கவில்லை. சாருஜன் மட்டும் பின் சீட்டிலிருந்து கையை ஆட்டினான்.

ஆரபியை மாடியில் படுக்க வைத்தாள் குமுதினி. பக்கத்தில் தண்ணீர் போத்தலும் கார்ட்லெஸ் போனும். "அம்மா கீழ ஒரு ஆன்ரியோட கதைக்கப் போறன். நீங்கள் கீழ வரக்கூடாது. அப்பாட போன் வந்தா மட்டும் எடுத்துக் கதையுங்கோ."

"ஓகே" என்றாள் ஆரபி, கண்ணைத் திறக்காமல்.

சரியாகப் பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது.

விசாரிக்க வந்த மிசஸ் ஹாலோவேக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வாசலில் வரிசையாக இருந்த செருப்புகளைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே குனிந்து தன் ஷூவைக் கழற்றினார். கேட்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற கண்.

தேத்தண்ணி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். மஞ்சள் தாள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். எங்கே பிறந்தாய், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் இங்கே வந்தாய், குடிப்பாயா, யாருடனாவது சண்டையா? எல்லாம் லேசான கேள்விகள். குமுதினியின் ஆங்கிலம் நன்றாகவே ஓடியது. இருபது நிமிடம் போனது.

"ஒரு சகோதரி. சாரதா. டொரண்டோவில். வேறு யாரும் இல்லை, சரிதானே?" என்று கேட்டார் மிசஸ் ஹாலோவே. தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆம் என்று ஒரு சொல் போதும். அவர் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

குமுதினிக்கு அந்த நேரத்தில் தன் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. தேர்வுக் குழு இரண்டு முறை படித்த கட்டுரை. அவள் யாழ்ப்பாணத்தில் பயிற்சி நர்ஸாக இருந்த காலம். ஷெல் விழுந்து காலில் காயத்தோடு ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிவந்தார்கள். பாதை மூடி மருந்து வராமல் கிடந்த வாரம் அது. மயக்கமருந்து இல்லாமலே தைக்க வேண்டியிருந்தது. குமுதினி அந்தப் பிள்ளையின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, "ஒண்டு ரெண்டு எண்ணு ராசாத்தி, நூறு வர முடிஞ்சிடும்" என்றாள். முப்பத்தேழில் பிள்ளைக்கு நினைவு தப்பிவிட்டது. நூறு வர முடிந்துவிடும் என்று தான் சொன்னது பொய் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். இனி எவருக்கும் அப்படிப் பொய் சொல்லாமல் உறங்க வைக்கத் தெரிந்தவளாக வேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

அப்படி எழுதியவள் இப்போது இந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

"இல்லை" என்றாள் குமுதினி. "ஒரு தம்பியும் இருந்தான். படிவத்தில் எழுதவில்லை."

மிசஸ் ஹாலோவே கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக, புதிய தாள் ஒன்றைப் புரட்டினார்.

அதன் பிறகு குமுதினி சொல்லிக்கொண்டே போனாள். சைக்கிள், சுவரில் இருந்து இறங்கிய படம், துப்பாக்கியோடு வந்தவர்கள், அம்மாவின் பாடம். இயக்கம் என்ற சொல்லையும் சொன்னாள். மிசஸ் ஹாலோவேயின் பேனா அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று மறுபடியும் ஓடியது.

"இப்போது அவர் எங்கே?"

"இறந்துவிட்டான். தொண்ணூற்றொன்று ஜூலை. ஆனையிறவில் பெரிய சண்டை நடந்தது. அதில்."

"மரணச் சான்றிதழ்?"

"இல்லை."

"உடலை யாராவது பார்த்தார்களா?"

"இல்லை. அம்மாவின் கடிதம் வந்தது."

"அதைப் பார்க்கலாமா?"

குமுதினி எழுந்து சாமி அலுமாரிக்குப் போனாள். முருகன் படத்துக்குப் பின்னால் ஒன்பது வருடமாக இருந்த கடிதம். கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் கையில் அம்மா கொடுத்துவிட்டது. மடிப்புகளில் கிழிந்திருந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விளக்கேற்றுவாள். பிரித்துப் படித்துப் பல வருடம் ஆகிவிட்டது. மனப்பாடமாக இருந்ததைப் பிரிப்பானேன்?

"மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றார் மிசஸ் ஹாலோவே.

அவள் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். வெண்டி நன்றாகக் காய்த்தது, பக்கத்து வீட்டு ஜலஜாவுக்குப் பிள்ளை பிறந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த இரண்டு வரி. "தம்பியைப் பற்றி இனிக் கேட்டு எழுத வேண்டாம். சாமிக்கு ஒரு விளக்கு வை."

மாடியில் ஆரபி ஒரு முறை இருமினாள்.

"அவ்வளவுதானா?" என்றார் மிசஸ் ஹாலோவே. "அவர் இறந்துவிட்டார் என்று இதில் இல்லையே."

"எங்கள் ஊரில் கடிதங்களை வழியில் பிரித்துப் படிப்பார்கள். இப்படித்தான் எழுத முடியும். படிக்கிறவர்களுக்கு விளங்கும்."

"பிறகு அம்மாவிடம் நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்டு எழுத வேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறார்?" என்றாள் குமுதினி. சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விநோதமாக விழுந்தது. "அம்மா தொண்ணூற்றாறில் இறந்துவிட்டார். இடம்பெயர்ந்து போன இடத்தில்."

ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்த பிறகு அந்தக் கடிதம் வேறு மாதிரித் தெரிந்தது. விளக்கு வை என்றால் இறந்தவனுக்காக என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். இருக்கிறவனுக்காகவும் விளக்கு வைப்பதுண்டு. இந்த நினைப்பு ஒரு கணம் வந்தது. அவள் அதைப் பிடித்து வெளியே தள்ளினாள். ஒன்பது ஜூலை அழுது முடித்தவளுக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை, அதுதான் உண்மை.

"நீங்களே உங்கள் கையால் எழுதித் தர வேண்டும்" என்றார் மிசஸ் ஹாலோவே. வெள்ளைத் தாளை நீட்டினார். "ஒரு யோசனை சொல்லட்டுமா? இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று எழுதினால் போதும். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

கொஞ்சம் யோசிக்கத் தெரிந்த யாரும் அந்த யோசனையை இரண்டு கையாலும் வாங்கியிருப்பார்கள். நம் குமுதினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வருடா வருடம் விளக்கு வைத்தவளிடம் வந்து, நம்புகிறேன் என்று எழுது என்கிறாளே இந்த வெள்ளைக்காரி!

"இது வெறும் நம்பிக்கை இல்லை. என் தம்பி இறந்துவிட்டான்" என்றாள். பேனாவை எடுத்தாள்.

முதல் வரி எழுதும்போது மாடியில் போன் அடித்தது. ஒரு முறை, இரு முறை. மூன்றாவது மணியில் நின்றது. ஆரபி எடுத்துவிட்டாள், நகுலனாக இருக்கும், என்ன நடந்தது என்று அறிய அவனுக்குப் பொறுக்காது என்று நினைத்தபடி குமுதினி எழுதினாள். என் ஒரே சகோதரன் சேந்தன் 1991 ஜூலையில் இறந்தான். 1988க்குப் பிறகு அவனோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இது முற்றிலும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். கீழே கையெழுத்து, தேதி, நேரம் பத்து ஐம்பது.

மிசஸ் ஹாலோவே தாளை வாங்கி மடிக்காமல் உறையில் வைத்தார்.

"வாய்ப்பு போய்விட்டதா?" என்று கேட்டுவிட்டாள் குமுதினி. கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

"அதைத் தீர்மானிப்பது நான் இல்லை. நீங்களாகவே சொன்னீர்கள் என்பதை எழுதுவேன். ஒரு திருத்தத்தை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள்." வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "இரண்டாவது திருத்தம் வந்தால்தான் சிக்கல். வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்."

கார்டைக் கையில் கொடுத்தார். வெள்ளைக் கார் தெரு முனையில் திரும்பி மறைந்தது. பதினொன்று ஆக ஐந்து நிமிடம்.

கதவைச் சாத்தியதும் குமுதினிக்கு அழுகை வந்தது. பயம் போன அழுகை. அப்பாடா என்றிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கேட்ட ஒருவரிடம் எனக்கு ஒரு தம்பி என்று சொல்லியிருக்கிறாள். அவன் பெயரைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். அம்மா அடுப்பில் வைத்ததை இவள் தாளில் கொண்டுவந்துவிட்டாள். படிப்புப் போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்தாள். அதற்குள், போகாது, நல்லவள் போலத்தான் இருக்கிறாள் என்றும் நினைத்தாள். மனசு அப்படித்தானே?

சாமி அலுமாரியில் கடிதத்தைத் திரும்ப வைக்கும்போது சின்ன வயதுச் சேந்தன் வந்தான். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. டிஸ்பென்சரியில் எறிந்த ஊசிக் குழலில் தண்ணீர் நிரப்பி, வாழைத் தண்டுக்கெல்லாம் ஊசி போடுவாள். தண்டு அலுத்துவிட்டால் தம்பியின் கை. ஊசி இல்லாத வெறும் குழல்தான், ஆனாலும் அவன் அழுதுகொண்டே நீட்டுவான். ஊசியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவன்தான். வெளியாள் முன்னால் கூப்பிட்டால் கிள்ளுவாள் என்பதால் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுவான். அம்மாவுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த பெயர் அது. அக்கா சாரதா அதற்கு முன்பே படிக்க விடுதிக்குப் போய்விட்டாள். நகுலனிடம் வெட்கப்பட்டுக்கொண்டு குமுதினி சொன்னதே இல்லை.

"அம்மா."

ஆரபி படியில் நின்றாள். போர்வையைத் தோளில் போட்டிருந்தாள். காய்ச்சல் விட்டு முகம் வியர்த்திருந்தது.

"இப்ப எப்பிடி இருக்கு குஞ்சு? அப்பா என்ன கேட்டவர்?"

ஆரபிக்குத் தமிழ் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். "தட் வாஸ்ன்ட் அப்பா."

"அப்ப ஆர்?"

"ஒரு மாமா. ஹி டாக்ஸ் லைக் யூ கைஸ். தமிழ்." அவள் கொட்டாவி விட்டாள். "அம்மா, ஹூ இஸ் ஊசியக்கா?"

குமுதினியின் கை சாமி அலுமாரிக் கதவிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்கள்?"

"ஹி ஆஸ்க்ட். ஊசியக்கா வீடோ எண்டு. நான் ராங் நம்பர் சொன்னன். தென் ஹி செட் யுவர் நேம். குமுதினி."

"பிறகு? பிறகு என்ன கேட்டவர்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

குழந்தை படியில் உட்கார்ந்து யோசித்தாள். அம்மா நலமா என்று கேட்டாராம். என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டாராம். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நர்ஸ் என்று சொல்லியிருக்கிறாள். ஜூன் மாதம் ஆர்மியில் சேரப் போகிறாள், யூனிஃபார்ம் எல்லாம் கொடுப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"நத்திங். ஹி வாஸ் கொயட் ஃபார் லைக், ஃபாரெவர். ஐ தாட் ஹி ஹங் அப்."

குமுதினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. அது முழுதாக மேலே வருவதற்குள் பின்னாலேயே பயம் வந்து அதன் கழுத்தைப் பிடித்தது. உயிரோடு இருக்கிறானா? எங்கிருந்து பேசினான்? டொரண்டோவா, லண்டனா, ஏதாவது காட்டுக்குள்ளிருந்தா?

"எங்க இருந்து கதைக்கிறன் எண்டு சொன்னவரோ?"

ஆரபி தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள்.

"பட் ஹி ஆஸ்க்ட் ஹூஸ் கார் வாஸ் அவுட்சைட். தி ஒயிட் ஒன்."

குமுதினி யன்னலைப் பார்த்தாள். மூடியிருந்த பிளைண்ட்ஸின் இடுக்குகளில் நவம்பர் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. அதற்கு அப்பால் புல், நடைபாதை, தெரு. ஒரு பட்டையை விரலால் தூக்கிப் பார்த்தால், அந்தக் காரைப் பார்த்தவன் அங்கே நிற்கிறானா என்று தெரிந்துவிடும். கை எழவில்லை. மிசஸ் ஹாலோவே கொடுத்த கார்டு அந்தக் கையில்தான் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

அந்த வெள்ளைக் காரில் வந்தவளிடம், தன் தம்பி செத்துவிட்டான் என்று அவள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்து இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.